சொருகி வைத்த மரத்துண்டு

பிப்ரவரி 4

அண்ணாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. போன முறை நீ வைத்தாயா, நான் வைத்தேனா என்றுகூட நினைவில்லை. எழுதினால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

அம்மா அப்படியேதான் இருக்கிறாள். இடது கையும் இடது காலும் அசையவில்லை. பேச்சு கொஞ்சம் வந்திருக்கிறது, ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்று வார்த்தை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலி வீட்டுக்குள் நன்றாக ஓடுகிறது. வாசல்படியில் வந்து நின்றுவிடுகிறது. ஒரே ஒரு படிதான். ஆனால் அந்தப் படி எவ்வளவு உயரம் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் அதிலிருந்து என்னைத் தள்ளிவிட்டவன் நீ.

அவளை வெளியே கொண்டுபோக எதிர் வீட்டு டிரைவரும் அவர் மச்சானும் நாற்காலியோடு தூக்க வேண்டியிருக்கிறது. போன தடவை தூக்கும்போது அம்மா, "பீரோவா நானு?" என்று கேட்டாள். தெருவில் யாரோ சிரித்தார்கள். அன்றோடு வரமாட்டேன் என்றுவிட்டாள். கை கால் பயிற்சி நின்று போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இப்படியே விட்டால் வரவேண்டியதும் வராது என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொல்கிறாள்.

வாசலுக்குப் பலகையில் ஒரு சாய்தளம் வேண்டும். மூன்று தச்சர்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் இவ்வளவு சின்ன வேலைக்கு வரமாட்டேன் என்கிறார். ஒருவர் நாளைக்கு நாளைக்கு என்று காது குத்துகிறார். மூன்றாமவர், "உங்க அண்ணனே இருக்காரே" என்கிறார். எங்கே இருக்கிறார் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

உன் பட்டறை அறையை நான் கலைக்கவில்லை. நீ கையில் பிடித்து வெட்டுகிற அந்த வட்ட ரம்பம் அதன் பெட்டியிலேயே இருக்கிறது. ஒன்று நீ வா. இல்லையென்றால் அந்த மெஷினில் எப்படி வெட்டுவது என்று எழுது.

உன்னிடம் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மா செய்த குற்றம் ஒன்றே ஒன்று. நீ வெட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து உன் தோளைத் தொட்டாள். நீ திடுக்கிட்டாய், மெஷின் பின்னால் உதைத்தது, உன் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. தைத்துச் சேர்த்தார்கள். கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்து, "உன்னாலதான்" என்றாய். அதற்குப் பிறகு அவளிடம் நீ பேசவே இல்லை. இரண்டு வாரத்தில் அவள் பக்கவாதம் வந்து குளியலறையில் விழுந்தாள், ஒரு பக்கம் போயிற்று. நீ வார்டு வாசல்வரை வந்தாய். உள்ளே வரவில்லை. திரும்பிப் போய்விட்டாய்.

இதை அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. எதுவும் வரவில்லை. காலையில் ஜாக்கெட் துணி வெட்டினேன், இப்போது இதை எழுதுகிறேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

ஊசி


பிப்ரவரி 11

ஊசிக்கு,

மெஷினைத் தொடாதே.

தச்சர் யாராவது கட்டாயம் வருவார். நாளைக்கு என்று சொன்னவரையே விடாமல் பிடி, தினமும் போய் அவர் வீட்டு வாசலில் நில். பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடு. எனக்கு அது வேண்டாம்.

நான் இங்கே ஒரு கிடங்கில் இருக்கிறேன். பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. அறை டயர் கடைக்கு மேலே. விரல்கள் ஒட்டிக்கொண்டன, மடங்குகின்றன, ஆனால் உணர்வு இல்லை. போன வாரம் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். "என்னய்யா, கை வெந்துபோச்சே" என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான். பார்த்தால் கொப்புளம். வலிக்கவில்லை. மற்றதெல்லாமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. எழுந்திருக்கிறேன், ஒட்டுகிறேன், படுக்கிறேன்.

வர முடியாது. வந்தால் அம்மா என் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைத்தான் பார்ப்பாள்.

அண்ணா


பிப்ரவரி 18

அண்ணாவுக்கு,

"தொடாதே" என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு ஒரு வாரம், ஒரு கவர், ஒரு ஸ்டாம்ப். அடேங்கப்பா, பெரிய மனசு.

அம்மா உன் கையைப் பார்ப்பாள் என்கிறாய். அவள் தன் கையை என்ன செய்கிறாள் என்று சொல்கிறேன், கேள். வலது கை நன்றாக இருக்கிறது. உன் தோளைத் தொட்டது அந்தக் கைதான். அதை நாள் முழுக்கப் போர்வைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள். சாப்பாட்டுக்கு வெளியே எடுப்பாள், கழுவித் துடைத்ததும் மறுபடியும் உள்ளே. பயிற்சிப் பெண் ஒரு நாள், "நல்ல கையை நிறைய யூஸ் பண்ணுங்கம்மா" என்றாள். "இதுவா நல்ல கை?" என்று கேட்டாள் அம்மா. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன், மடித்து முடித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் அந்த வாசலைத் தாண்டித் தெருவைப் பார்க்க வேண்டும். யாரும் தூக்காமல், யாரும் சிரிக்காமல்.

பிளைவுட் வாங்கிவிட்டேன். சுவரோரம் நிற்கிறது. நீ சொல்லித்தராவிட்டாலும் வெட்டத்தான் போகிறேன். தெரியாமல் வெட்டினால் எனக்கும் இரண்டு விரல் போகும். தையல்காரிக்கு விரல் போனால் இந்த வீட்டில் யார் சோறு போடுவது என்று நீயே யோசித்துக்கொள். இது மிரட்டலா என்றால், ஆமாம், மிரட்டல்தான்.

ஊசி


பிப்ரவரி 25

ஊசிக்கு,

சின்ன வயதிலிருந்து உன் வீம்பு இப்படித்தான். சரி. எழுதுகிறேன். வரி விடாமல் படி. புரியவில்லை என்றால் வெட்டாதே, கேட்டு எழுது.

மெஷினில் எதைத் திருகுவதாக இருந்தாலும், பிளேடைத் தொடுவதாக இருந்தாலும், முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கு. சுவிட்ச் அணைத்திருந்தால் போதாதா என்பாய். போதாது.

பிளேடு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று வைக்க ஒரு திருகு இருக்கிறது. பலகைக்குக் கீழே பிளேடின் ஒரு பல் எட்டிப் பார்த்தால் போதும். முழு பிளேடையும் இறக்கி வெட்டுகிறவன் அவசரக்காரன்.

பிளைவுட்டின் நல்ல பக்கம் கீழே இருக்கட்டும். பிளேடு கீழிருந்து மேலே ஏறி வருகிறது, பிய்வதெல்லாம் மேல் பக்கம்தான் பியும். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் துணியைப் புரட்டிப் போட்டுத்தானே கோடு போடுகிறாய்.

பிளேடுக்குக் கனம் உண்டு. கோட்டின் மேலேயே போனால் அந்தக் கனம் உன் அளவில் குறைந்துவிடும். நீ தையலுக்கு விட்டு வெட்டுகிற மாதிரி, பிளேடு வேண்டாத பக்கமாகப் போக வேண்டும். வெட்டி முடித்ததும் பென்சில் கோடு உன் துண்டில் மிச்சம் தெரிய வேண்டும்.

பலகையை இரண்டு ஸ்டூலுக்கு நடுவில் பாலம் மாதிரி வைக்காதே. பாதி வெட்டியதும் நடுவில் தொய்ந்து பிளேடைக் கவ்வும். கவ்வினால் மெஷின் உன்னை நோக்கி உதைக்கும், கழுதை உதை. தரையில் நான்கு சட்டம் போடு. வெட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அதன்மேல் பலகை. வெட்டி முடித்த பிறகும் இரண்டு துண்டும் அலுங்காமல் கிடக்க வேண்டும். நீ மெஷினுக்கு நேர் பின்னால் நிற்காதே, கொஞ்சம் ஒதுங்கி நில்.

வெறும் கையால் நேராக வெட்டுவேன் என்று கனவு காணாதே. நானே வெட்டமாட்டேன். கதவுக்குப் பின்னால் அலுமினியச் சட்டம் ஒன்று இருக்கும், அதைப் பலகையின்மேல் வைத்து இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கு. மெஷினின் அடித்தட்டு ஓரம் அந்தச் சட்டத்தை உரசிக்கொண்டே போகட்டும். அடித்தட்டு ஓரத்துக்கும் பிளேடுக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஒரு துண்டுப் பலகையை வெட்டிப் பார்த்து அளந்துகொள். கோட்டிலிருந்து அவ்வளவு தள்ளிச் சட்டத்தை வை. அப்புறம் கோணலாக வெட்ட நினைத்தாலும் வராது.

கண்ணாடி போடு, சத்தத்துக்குக் காதுமூடி மாட்டிக்கொள். துப்பட்டா கூடாது. முடியை முடிந்துகொள். வயர் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். இரண்டு கையும் மெஷினில். ஒரு கையைப் பலகையில் ஊன்றுவது என் பழக்கம். அதன் லட்சணம்தான் தெரியுமே.

சுவிட்சை அழுத்து, சத்தம் ஒரே மாதிரி ஆகும்வரை பொறு, அப்புறம் பலகையைத் தொடு. தள்ளாதே. தையல் மெஷினில் துணியை இழுக்கமாட்டாய் அல்லவா, கூடவே போவாய். அதேதான். முடிந்ததும் விரலை எடு. பிளேடு நிற்கும்வரை மெஷினைக் கீழே வைக்காதே.

நடுவில் எது நடந்தாலும், யார் கூப்பிட்டாலும், திரும்பாதே. முதலில் விரலை எடு. பிளேடு நிற்கட்டும். அப்புறம் திரும்பு.

இந்த வரியை மட்டும் இரண்டு தடவை படி.

வெட்டும்போது அம்மாவை அந்த அறைக்குள் விடாதே. சாய்தளம் படியின் உயரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளம் இருக்கட்டும், அப்போதுதான் நீ ஒருத்தியே தள்ள முடியும்.

அண்ணா


மார்ச் 5

அண்ணாவுக்கு,

இவ்வளவு நீளமாக நீ எழுதி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதியிருந்தால் பாஸ் ஆகியிருப்பாய்.

கண்ணாடியும் காதுக்கு மாட்டுவதும் வாங்கப் போனேன். கடைக்காரர், "வீட்ல யாரு வேலை பார்க்கிறது?" என்றார். நான்தான் என்றேன். சிரித்துக்கொண்டே பில் போட்டார். சிரிக்கட்டும்.

பழைய பெட்டிப் பலகையில் வெட்டிப் பழகினேன். முதல் வெட்டு குடித்தவன் நடந்த மாதிரி போயிற்று. சட்டம் வைத்து வெட்டினேன், கத்தரிக்கோலால்கூட எனக்கு இவ்வளவு நேராக வந்ததில்லை. கோடு மிச்சம் தெரிந்தது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சரி, வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒரு தடவை மட்டும் அவசரப்பட்டேன். வெட்டி முடித்ததும் பிளேடு நிற்பதற்குள் தரையில் வைத்துவிட்டேன். அது நாய்க்குட்டி மாதிரி என் காலை நோக்கி ஓடிவந்தது. பாயில் ஒரு ஓரம் போச்சு. நீ எழுதியதை அந்த நிமிஷம்தான் மூளை வாங்கிக்கொண்டது. இனி செய்யமாட்டேன், திட்டாதே.

மற்றபடி மெஷின் பத்திரமாக இருக்கிறது. பிளேடுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு மரத்துண்டு சொருகியிருக்குமே, எப்போதும் பார்த்திருக்கிறேன், அது மட்டும் ஆட்டம் கண்டிருந்தது. விழுந்து தொலைந்துவிட்டால் வேறு துண்டுக்கு எங்கே போவது என்று டேப்பை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டேன். இனி இடியே விழுந்தாலும் அசையாது. என்னை என்னவென்று நினைத்தாய்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளைவுட்டை வெட்டப் போகிறேன்.

ஊசி


மார்ச் 9, ஞாயிறு

ஊசி,

போனை எடு.

உன் கடிதம் நேற்றே வந்திருக்கிறது, வாட்ச்மேன் இப்போதுதான் கொடுத்தார். அடித்துக்கொண்டே இருக்கிறேன், நீ எடுக்கமாட்டேன் என்கிறாய். டிரைவருக்குப் போட்டேன். "போய் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்க" என்றேன். "யாருங்க பேசறது?" என்றார். சொன்னேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, துப்பிவிட்டுப் போகிறேன் என்றார். துப்பவா இப்போது நேரம்?

அவர் திரும்பக் கூப்பிடும்வரை எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. எழுதுகிறேன்.

அந்த மரத்துண்டு மெஷினுடையது இல்லை. பிளேடுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த மூடி ஒன்று உண்டு. பலகைக்குள் போகும்போது தானே விலகும், வெளியே வந்ததும் தானே வந்து பிளேடை மூடிவிடும். சில வேலையில் அது முட்டுகிறது என்று திறந்த வாக்கிலேயே நிற்கும்படி நான்தான் ஆப்பு சொருகினேன். எப்போது என்றுகூட நினைவில்லை. பழகிப்போயிற்று. உனக்கு அத்தனை பக்கம் எழுதினேனே, அந்த மூடி என் ஞாபகத்துக்கே வரவில்லை. அப்படி ஒன்று அந்த மெஷினுக்கு இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. நீ அதற்கு டேப் வேறு ஒட்டியிருக்கிறாய்.

டிரைவர் கூப்பிட்டார். "கையிலதான் வெச்சிருந்தாங்க. பிடுங்கிட்டேன்" என்றார். பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் எடுத்தேன்.

டேப்பை அறுத்துத் துண்டை உருவி எறி. ஒவ்வொரு தடவை வெட்டுவதற்கு முன்னும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த மூடியைத் திறந்து, விட்டுப் பார். தானாக மூட வேண்டும். மூடாவிட்டால் வெட்டாதே.

ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. நான் வேலை செய்யும்போது அம்மா அந்த அறைக்குள் வந்ததே கிடையாது. சத்தத்துக்குப் பயந்து கதவுக்கு வெளியிலேயே நிற்பாள், சாப்பாடு ஆறினாலும் நிற்பாள். அன்றைக்கு எதற்கு உள்ளே வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அண்ணா


மார்ச் 13

அண்ணாவுக்கு,

போனில் உன் பெயர் வந்ததைப் பார்த்தேன். மறுபடியும் சண்டை என்று நினைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டேன். காதில் மாட்டிக்கொண்டு, மெஷினைத் தூக்கிச் சட்டத்தோரம் வைத்தேன். சுவிட்சில் விரல் இருந்தது. டிரைவர் வாயோரம் பேஸ்ட் நுரையோடு ஓடி வந்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேராகச் சுவருக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். அப்புறம்தான், "உங்க அண்ணன்" என்றார்.

டேப்பைப் பிரிக்க ரொம்ப நேரம் ஆயிற்று, அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தேன். துண்டை உருவினேன். டக்கென்று மூடி வந்து பிளேடை மறைத்துக்கொண்டது. திறந்தேன், விட்டேன். டக். மறுபடியும் திறந்தேன். டிரைவர், "நல்ல மெஷினா இருக்கே" என்றார். அவர் போன பிறகும் தரையில் உட்கார்ந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தேன்.

நீ எழுதாததை நான் எழுதுகிறேன். அந்த மூடி மூடியிருந்தால், அம்மா தொட்டிருந்தாலும், மெஷின் உதைத்திருந்தாலும், உன் விரல் பெரும்பாலும் தப்பியிருக்கும். "உன்னாலதான்" என்று நீ யாரைப் பார்த்துச் சொன்னாய்? எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அன்றைக்கு வரவில்லை. இப்போது எழுதும்போது வருகிறது. நன்றாகவே வருகிறது. கோபம் வருவதே பெரிய விஷயம் என்று தோன்றுகிறது, எத்தனையோ மாதமாக எதுவும் வந்ததில்லை.

அன்று வெட்டவில்லை, மனம் இல்லை. உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. மத்தியானம் வெட்டினேன். மூடியைச் சரிபார்த்துவிட்டுத்தான்.

கதவைச் சாத்தியிருந்தேன், தாழ்ப்பாள் போடவில்லை. முக்கால்வாசி போயிருப்பேன். பின்னாலிருந்து "பாப்பா" என்று கேட்டது. காதில் மாட்டியிருந்ததால் எத்தனையாவது தடவை என்று தெரியாது. விரலை எடுத்தேன். பிளேடு நின்றது. மெஷினைப் பலகையிலிருந்து தூக்கினேன், டக்கென்று மூடிக்கொண்டது. கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

அம்மா கதவருகில் இருந்தாள். தானே வந்திருக்கிறாள். வலது கையைப் போர்வையிலிருந்து எடுத்துச் சக்கரத்தைத் தள்ளி, வலது காலால் தரையை உந்தி உந்தி. அறைக்குள் வரவில்லை. நிலைக்கு வெளியேயே நின்றாள். என்னைப் பார்க்கவே இல்லை, மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடிக்கிச்சு" என்றாள்.

"ஆமாம்மா. அதுவே மூடிக்கும்."

"அன்னிக்கு?" என்றாள்.

அந்தச் சிவப்புத் துண்டை நான் எறியவில்லை, ஜன்னலில் வைத்திருந்தேன். எடுத்துவந்து, எங்கே சொருகியிருந்தது, சொருகினால் மூடி எப்படி நிற்கும் என்று அவளுக்குக் காட்டினேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். விரலால் உருட்டிப் பார்த்தாள். "அவனா?" என்றாள். அவன்தான் என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். திட்டுவாள், அழுவாள் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கையையும் மடியிலேயே வைத்திருந்தாள். போர்வை கீழே கிடந்தது, எடுத்துக் கொடு என்று கேட்கவில்லை.

அப்புறம்தான் நீ எழுதியதைக் கேட்டேன். "அன்னிக்கு எதுக்கும்மா உள்ள போன?"

வலது கையால் இடது கையைத் தூக்கினாள். தூக்கி, குனிந்து நின்ற என் கையில் வைத்தாள். கனமாக இருந்தது.

"இது. மரத்துப்போச்சு" என்றாள். "பாருடான்னு சொல்ல."

அந்தக் கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அப்புறம் ரத்தம். மறந்துட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. உன் விரல் போன அன்றைக்கே அவளுக்கு வாதம் தொடங்கியிருக்கிறது. அந்தக் கையோடுதான் ஆஸ்பத்திரிக்கு உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அந்தக் கையோடுதான் உன் ரத்தச் சட்டையைத் துவைத்தாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், என்னிடமும் சொல்லவில்லை. உன் விரல் போயிருக்கும்போது தன் கையைப் பற்றிப் பேசுவதா என்று இருந்திருப்பாள், அப்புறம் நிஜமாகவே மறந்திருப்பாள்.

மீதி வெட்டையும் முடித்தேன். இன்று காலை டிரைவர் திருகுகளை முடுக்கிக் கொடுத்தார். சாய்தளம் வாசலில் பொருந்தி உட்கார்ந்துவிட்டது. நான் ஒருத்தியே தள்ளினேன். தெருமுனைவரை போனோம். அங்கே நின்று வண்டிகளைப் பார்த்தாள். "சத்தம் ஜாஸ்தி" என்றாள். திரும்பி வந்தோம். நாளை பயிற்சிக்குப் போகிறாள்.

நான் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி உன் பாடு.

ஊசி


மார்ச் 18

ஊசிக்கு,

உன் கடிதத்தைக் கிடங்கில் நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மேற்பார்வையாளர் வந்து, "ஒரே பெட்டிக்கு எத்தனை லேபிள்யா?" என்று சத்தம் போட்டார். பார்த்தால் ஒரே பெட்டியில் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அன்றைய ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. எனக்குக் கட்டுப் போட்டுவிட்டு நர்ஸ் வெளியே போனாள். எதிரே ஸ்டூலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இடது கையை மடியில் போட்டு, வலது கையால் அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தவே இல்லை. செய்ததை நினைத்துப் பயந்து கையைப் பிசைகிறாள் என்று நினைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் உன்னாலதான் என்றேன்.

இப்போது வலிக்கிறது. விரலில் இல்லை.

சாய்தளம் மழையில் வழுக்கும். மேலே சொரசொரப்பான பட்டை ஒட்ட வேண்டும். வெட்டிய ஓரத்தைத் தேய்த்துவிட்டாயா? இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கி உப்பிவிடும். நீ செய்யாதே, விடு. நான் ஒட்டுகிறேன். மெஷினை யாருக்கும் கொடுக்காதே, உனக்கு வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் பஸ் ஏறுகிறேன். ஞாயிறு காலையில் வந்துவிடுவேன். அம்மாவிடம் மன்னிப்பு கின்னிப்பு என்று என் சார்பில் எதுவும் சொல்லிவைக்காதே, அதை அவள் எதிரே உட்கார்ந்து நானே சொல்லிக்கொள்கிறேன். நீ அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிடு.

"உன் கையைப் பாக்க வர்றானாம்"னு சொல்லு.

அண்ணா